காய்ந்து நொறுங்கும் புகையிலையைப் பதத்துக்குக் கொண்டுவருதல்: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தென்மேற்குக் காற்றான சோளகம் வீசத் தொடங்கியதும் வெற்றிலைத் தட்டத்துப் புகையிலையின் குணம் மாறிவிடும். போன கிழமை மடித்த பக்கம் மடிந்த இலை, இப்போது விரல் பட்டவுடன் பொருபொருவென்று உதிரும். பேணியின் அடியில் தூள்தான் மிஞ்சும். அதை வாயில் போட்டால் நாக்கு எரியும், தொண்டை காறும்; அளவாகக் கிள்ளி எடுக்கவும் முடியாது. உடனே பலரும் செய்வது, கையில் தண்ணீர் அள்ளி இலையின் மேல் தெளித்து மூடிவைப்பதுதான். சில நாள் கழித்துத் திறந்தால் ஒரு பக்கம் கறுத்து நொய்ந்து கிடக்கும், மறுபக்கம் மொறுமொறுப்பு மாறாமல் இருக்கும், இடையில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும்.

காய்ந்த புகையிலைக்கு ஈரத்தைக் காற்றின் வழியாகக் கொடுக்க வேண்டும், மெதுவாகக் கொடுக்க வேண்டும், தராசில் வைத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இவை மூன்றையும் வீட்டில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு எப்படிச் செய்வது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

யாருக்காக எழுதுகிறேன்

பல காலமாக வெற்றிலையோடு புகையிலை போட்டுப் பழகிய முதியவர்கள் உள்ள வீடுகள், திவசப் படையலுக்கும் கோயில் மடைக்கும் இலை எடுத்து வைப்பவர்கள், தோட்டத்து இலையை நல்ல விலை வரும்வரை வைத்திருக்கும் கமக்காரர், சுருட்டுச் சுற்றும் கை இன்னும் விடாதவர்கள். இவர்களுக்குத்தான் இது. புதிதாகப் பழகிப் பார்க்கலாம் என்று நினைக்கும் ஒருவருக்கும் இது உதவக் கூடாது என்பதே என் விருப்பம்.

காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஈரம் திரும்பினால் இலை மென்மையாகும், நஞ்சு ஒரு துளியும் குறையாது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம், புகைக்காமல் வாயிலோ மூக்கிலோ போடும் புகையிலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது. புகையிலை சேர்த்த வெற்றிலையைப் பற்றி அது 1985 இலேயே சொல்லிவிட்டது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு தானே புற்றுநோய்க் காரணி என்று 2004 இல் முடிவு செய்தது. சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையை உயர்த்துவதால் நிக்கொட்டின் இன்னும் விரைவாக இரத்தத்தில் ஏறும். எங்கள் மெல்லும் இலை தேங்காய்ப் பொச்சுப் புகையில் பதப்படுத்தப்படுவது. புகையின் கரிப்பொருட்களும் அதில் ஒட்டியிருக்கும். வாயில் வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் இவற்றில் எதைக் கண்டாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. ஆரம்பத்திலேயே போனவர்களுக்குக் கிடைக்கும் பலன் பிந்திப் போனவர்களுக்குக் கிடைப்பதில்லை. விட விரும்புகிறவர்கள் 1948 என்ற எண்ணுக்கு அழைத்து ஆலோசனை பெறலாம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்தப் புகையிலைப் பொருளையும் விற்க முடியாது. 2016 இல் வந்த ஒழுங்குவிதிகள் புகையற்ற புகையிலைப் பொருட்களைத் தயாரித்து விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடை செய்தன. எனவே கீழே வருவது வீட்டிலிருக்கும் இலையைப் பேணுவதற்கான முறை. பொதி செய்து கடைக்குக் கொடுப்பதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

இலை ஏன் காய்கிறது

புகையிலை காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் சாரீரப்பதன், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீரில் எத்தனை வீதம் அதில் இருக்கிறது என்ற அளவு, 60 முதல் 65 வீதம் வரை இருந்தால், இலையின் எடையில் ஏறத்தாழ 12 முதல் 14 வீதம் நீராக இருக்கும். அப்போது இலை வளையும், கிழிந்தாலும் நொறுங்காது. சாரீரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே இறங்கினால் இலை மொறுமொறுக்கத் தொடங்கும். 75 வீதத்துக்கு மேல் நீண்ட நாள் நின்றால் பூஞ்சணத்துக்கு வழி திறக்கும்.

சுற்றிவரக் கடல் இருக்கும் குடாநாட்டில் இலை ஏன் காய வேண்டும் என்று கேட்கலாம். விடை கூரையில் இருக்கிறது. 28 பாகை செல்சியஸில் 75 வீத ஈரப்பதன் கொண்ட காற்று, தகரக் கூரையின் கீழோ சீற்றுக்குக் கீழோ 36 பாகைக்குச் சூடானால், அதே காற்றின் சாரீரப்பதன் 50 வீதத்துக்குச் சற்றுக் கீழே போய்விடும். காற்றிலிருந்த நீர் எங்கும் போகவில்லை. சூடான காற்று இன்னும் கூடுதலாக நீரைத் தாங்கக்கூடியதாகி, இலையிலிருந்து இழுக்கிறது. பரணில் வைத்த இலையும், அடுப்படிச் சுவரோடு தொங்கும் இலையும், மின்விசிறிக்கு நேரே மேசையில் கிடக்கும் இலையும் முதலில் காய்வது இதனால்தான். வெளியே ஈரக்காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இலை நொறுங்கும்.

எல்லா இலையும் ஒரே வேகத்தில் காய்வதுமில்லை, ஒரே வேகத்தில் ஈரம் வாங்குவதுமில்லை. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் நல்ல கிணற்று நீரில் வளர்ந்த இலை ஒரு விதம். கரையோரத்தில், உவர் கலந்த கிணற்று நீர் இறைத்து வளர்த்த இலையில் குளோரைட்டு கூடுதலாக இருக்கும்; அது ஈரத்தை மளமளவென்று உறிஞ்சிச் சீக்கிரம் கசகசக்கும், சுருட்டாகச் சுற்றினால் சரியாக எரியவும் மாட்டாது. புகைக் குடிலில் பதமான தடித்த மெல்லும் இலை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். நிழலில் உலர்ந்த மெல்லிய சுருட்டு இலை ஒரே இரவில் மாறிவிடும். பனங்கட்டி கரைத்த கோடா போட்ட இலையில் இனிப்பு இருப்பதால் ஈரம் பிடித்து நிற்கும், ஆனால் புளிப்பதற்கும் அதுவே காரணமாகும். உங்கள் கையிலிருப்பது எந்த இலை என்பதைத் தெரிந்துகொண்டு நேரத்தைக் கூட்டிக் குறையுங்கள்.

பழைய நாட்களில் திருவிதாங்கூருக்குக் கடல் வழியாகப் போன எங்கள் இலை மாதக்கணக்கில் கட்டுக்குள் இருந்தும் பழுதாகாமல் போய்ச் சேர்ந்தது என்றால், பாடம் போட்டவர்கள் ஏற்றுமுன் ஈரத்தைச் சரியாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கேரளத்தில் இன்றைக்கும் யாழ்ப்பாணப் புகையிலை என்ற பெயர் நினைவிலிருப்பதற்கு அந்தக் கைகள்தான் காரணம். அவர்கள் கருவி எதுவும் வைத்திருக்கவில்லை, விரலால் அறிந்தார்கள். நாங்கள் தராசையும் சேர்த்துக்கொள்வோம்.

முதற்படி: இலையைத் தொடாமல் பாருங்கள்

காய்ந்த இலையைப் பிரிக்க வேண்டாம். கட்டாகவே பனையோலைப் பாயிலோ வெள்ளைத் துணியிலோ வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள், முகருங்கள்.

பஞ்சு போல வெள்ளையாக, பச்சையாக அல்லது கறுப்பாகப் படர்ந்திருந்தால், முகரும்போது நனைந்து கிடந்த சாக்கின் நெடி அடித்தால், அது பூஞ்சணம். துடைத்துவிட்டுப் பாவிக்கலாம் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. வேர் இலைக்குள் ஓடியிருக்கும், அது விடும் நஞ்சு வெயிலில் காயவைத்தாலும் போகாது. அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்குங்கள். நல்ல இலைக்குக் கொடுத்த விலையை நினைத்து மனம் இழுக்கும்தான். ஆனாலும் ஒதுக்குங்கள்.

சில இலைகளில் வெள்ளையாக மினுங்கும் உப்புப் பொடி இருக்கும். இது இலையிலுள்ள உப்புக்கள் மேலே வந்து படிவது. விரலால் தேய்த்தால் மணிமணியாகத் தட்டுப்படும், நெடி இருக்காது. இதனால் இலை பழுதில்லை.

ஊசியால் குத்தியதுபோன்ற துளைகளும், அடியில் மெல்லிய மாவும், இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில் மண்ணிறச் சிறு வண்டும் தெரிந்தால் அது புகையிலை வண்டு. இதற்கு ஈரம் கொடுத்தால் வண்டுக்கு விருந்து வைத்தது போலாகும். இலையைக் காற்றுப் புகாத பையில் கட்டி, உறைகுளிர்ப் பெட்டியில் ஒரு கிழமை வையுங்கள். வெளியே எடுத்த பிறகு பையைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் நீர் குளிர்ந்த இலையில் படிந்து நனைத்துவிடும். வண்டு பலமாக அரித்த இலை என்றால் இந்தப் பாடே வேண்டாம், ஒதுக்கிவிடலாம்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஈரமான புகையிலையிலிருந்து நிக்கொட்டின் தோல் வழியாக உடலில் ஏறும். தோட்டத்தில் பனியோடு இலை முறிப்பவர்களுக்குத் தலைசுற்றும் சத்தியும் வருவதன் காரணம் அதுதான். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு வாயில் போகும் ஒரு சிறு துண்டே ஆபத்து.

இரண்டாம்படி: நிறுத்துப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நனைந்து பழுதாகும் இலையெல்லாம் இங்கே தாண்டியதால் பழுதானவை.

விரல் பட்டால் நொறுங்கும் இலையில் ஏறத்தாழ 8 வீதம் நீர் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் இலையில் 92 கிராம் உலர்பொருள். நீரை 14 வீதமாக்க வேண்டும் என்றால் மொத்த எடை 92 ஐ 0.86 ஆல் வகுத்தால் வருவது, அதாவது 107 கிராம். தேவைப்பட்ட நீர் 7 கிராம். ஒன்றரைத் தேக்கரண்டி! மெல்லும் இலைக்குச் சற்று மென்மை கூடுதலாக வேண்டும் என்று 18 வீதத்துக்குப் போனாலும் மொத்தம் 112 கிராம்தான், நீர் 12 கிராம். ஒரு கை தண்ணீரில் இதைவிடப் பலமடங்கு இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே தொடங்குமுன் குசினித் தராசில் இலையை நிறுத்து எழுதி வையுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசு போதும். வாங்கிய அன்று இலை நல்ல பதத்தில் இருந்தபோது எடை தெரிந்திருந்தால் அதுவே உங்கள் இலக்கு. தெரியாவிட்டால் 100 க்கு 107 என்று வைத்துக்கொண்டு, மிச்சத்தை விரல் தீர்மானிக்கட்டும்.

மூன்றாம்படி: உப்புப் பெட்டி

ஒரு கிலோவுக்குள் உள்ள இலைக்கு இதைவிட நம்பிக்கையான முறை எனக்குத் தெரியாது. உப்பும் கொஞ்சம் நீரும் சேர்ந்து கரையாமல் மிஞ்சி நிற்கும் கலவை, மூடிய பெட்டிக்குள்ளிருக்கும் காற்றை ஏறத்தாழ 75 வீதச் சாரீரப்பதனில் நிறுத்திவைக்கும். எங்கள் வெப்பநிலை கூடிக் குறைந்தாலும் இந்த எண் அசையாது. காற்று இதைவிடக் காய்ந்திருந்தால் கலவை நீரை விடும், ஈரமாக இருந்தால் கலவை நீரை உறிஞ்சும். யாரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி அல்லது கண்ணாடிப் பெட்டி ஒன்றை எடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக உலரவைத்து, பழைய சாப்பாட்டு நெடி எதுவும் இல்லையென்று உறுதி செய்யுங்கள். புகையிலை எந்த நெடியையும் இழுத்துக்கொள்ளும். செத்தல் மிளகாய்த் தூள் வைத்த பெட்டி ஒருபோதும் சரிவராது.

ஒரு சிறு கிண்ணத்தில் நான்கைந்து மேசைக்கரண்டி உப்பைப் போட்டு, கொதித்தாறிய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். குழம்பாக ஓடக் கூடாது; உப்பு மணி கண்ணுக்குத் தெரிய, மேலே நீர் பளபளக்க வேண்டும். கடையில் விற்கும் சுத்தமான தூளுப்பு இதற்கு நல்லது. ஆனையிறவுக் கல்லுப்பு கறிக்கு அருமையானது, ஆனால் சுத்திகரிக்காத கடலுப்பு எதிலும் மகனீசியம் குளோரைட்டு சேர்ந்திருக்கும்; அது பெட்டியின் ஈரப்பதனை 75 க்குச் சற்றுக் கீழே இழுக்கலாம். கல்லுப்புத்தான் இருக்கிறது என்றால் அதையே பாவியுங்கள், ஒரு நாள் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

கிண்ணத்தைப் பெட்டியின் அடியில் வைத்து, அதற்கு மேலே ஈர்க்கில் அல்லது மூங்கில் குச்சிகளால் ஒரு தட்டி போடுங்கள். தட்டியின் மேல் இலை. உப்புக் கலவை இலையில் பட்டுவிடக் கூடாது, இலை பெட்டியின் சுவரிலும் முட்டக் கூடாது. கட்டை அவிழ்க்காமல் தளர்த்தி மட்டும் வையுங்கள், காற்று உள்ளே போகட்டும். மூடி, வெயில் படாத, அடுப்புச் சூடு எட்டாத இடத்தில் வையுங்கள். படுக்கையறை அலுமாரியின் கீழ்த்தட்டு நல்ல இடம். யன்னலோரம் வேண்டாம்: பகலில் சூடாகி இரவில் குளிரும்போது மூடியின் உட்பக்கம் வியர்த்து இலையின் மேல் சொட்டும்.

முதல் நாள் முடிவில் கட்டின் வெளி இலைகள் மட்டும் தளர்ந்திருக்கும். அப்போது கட்டைப் புரட்டி வையுங்கள். இரண்டாம் நாள் முதல் ஒவ்வொரு நாளும் நிறுத்துப் பாருங்கள். மெல்லிய சுருட்டு இலை ஓரிரு நாளில் பதத்துக்கு வரும். தடித்த மெல்லும் இலைக்கு மூன்று நான்கு நாள். அமுக்கிக் கட்டிய புகையிலைக்கு ஒரு கிழமையும் போகலாம். இலக்கு எடை வந்ததும் எடுத்துவிடுங்கள். 75 வீதம் என்பது இலை நீண்ட நாள் இருக்க வேண்டிய ஈரத்தைவிடக் கூடியது; உப்புப் பெட்டி பதம் கொடுக்கத்தான், சேமித்து வைக்க அதைப் பாவிக்கக் கூடாது.

நடுவில் உப்பு முழுவதும் கரைந்து நீராகிவிட்டால் இன்னும் உப்புச் சேர்க்க வேண்டும். மேலே காய்ந்து ஏடு கட்டினால் சில துளி நீர். ஈரப்பதன் காட்டும் சிறு கருவி வைத்திருப்பவர்கள், இலையில்லாத உப்புப் பெட்டிக்குள் அதை ஒரு இரவு வைத்துப் பாருங்கள். 75 காட்டாவிட்டால் கருவி எவ்வளவு பிழை என்பது அப்போது தெரிந்துவிடும்.

பதம் வந்ததை விரலால் அறிதல்

தராசு எண்ணைச் சொல்லும், இலையை விரல் அறியும். இலைத்தாளை மெதுவாக மடித்தால் சத்தமில்லாமல் மடிய வேண்டும். அதே நேரத்தில் நடுக்காம்பை வளைத்தால் அது இன்னும் முறிய வேண்டும். தாள் வளைந்து காம்பு முறியும் நிலைதான் வைத்திருப்பதற்கான பதம். காம்பும் சேர்ந்து வளைந்தால் ஈரம் கூடிவிட்டது. உடனே பாவிக்கலாம், ஆனால் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சுருட்டின் மேற்சுற்றுக்கு எடுக்கும் இலை மட்டும் காம்பு வார்ந்து, இதைவிட இளக்கமாக இருக்க வேண்டும். அதைச் சுற்றுமுன் மட்டும் இளக்கினால் போதும்.

கிள்ளிய புகையிலை என்றால் ஒரு பிடி எடுத்துக் கைக்குள் அமத்தி விடுங்கள். மெதுவாக விரிந்து வந்தால் சரி. அமத்தியபடியே கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். உதிர்ந்தால் இன்னும் காணாது.

கட்டுக்கணக்கில் இருந்தால்: ஈரச்சாக்கு

தோட்டத்து இலை பல கிலோ இருந்தால் பெட்டி போதாது. சிறிய அறை ஒன்றை எடுத்து யன்னலைச் சாத்துங்கள். நிலத்தில் நனைத்துப் பிழிந்த சணல் சாக்குகளை விரியுங்கள். அதற்கு மேல் கட்டில் சட்டமோ பலகையோ வைத்து, சாக்குக்கும் இலைக்கும் இடையில் ஒரு முழமாவது இடைவெளி விட்டு, பாயைப் போட்டு இலையைப் பரவுங்கள். கயிற்றில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. சாக்கிலிருந்து எழும் ஈரம் இரவு முழுவதும் இலைக்குப் போகும். விடியப் புரட்டுங்கள். ஒரு இரவில் பதம் வராவிட்டால் மறுநாள் இரவு திரும்பச் செய்யலாம், பகலில் சாக்கை எடுத்துவிட்டு அறையைத் திறந்துவிட வேண்டும். சாக்கை இலையின் மேல் நேரே போர்த்துவது பழைய பழக்கம். அதில் தொட்ட இடமெல்லாம் கறைபடும், எனக்கு அதில் உடன்பாடில்லை.

பனியில் பதம் பார்த்தல்

தை, மாசியில் இது எதுவுமே தேவைப்படாது. மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பார்கள். அந்த இரவுகளில் இலையைத் தாழ்வாரத்தில் கூரைக்குக் கீழே தொங்கவிட்டு, வெயில் ஏறுமுன் உள்ளே எடுத்தால் போதும். பனி நேரே இலையில் விழக் கூடாது, பனிக்காற்று பட்டால் சரி. கமக்காரர் உலர்ந்த இலையைக் கொடியிலிருந்து இறக்கவும் கட்டவும் விடியற்காலையைத் தெரிந்தெடுத்தது இதற்காகத்தான். ஐப்பசி கார்த்திகை மாரியில் அறைக்காற்றே போதுமான ஈரமாக இருக்கும். காய்ந்த இலையை ஒரு இரவு மூடாமல் வைத்தாலே இளகிவிடும், மறந்து விட்டால் பூஞ்சணம்.

ஆவியும் தெளிப்பும்

அவசரத்துக்கு ஒரே ஒரு இலை வேண்டும் என்றால் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சில விநாடிகள் காட்டி எடுக்கலாம். புட்டுப் பானையையும் நீத்துப்பெட்டியையும் இதற்குத் தொடாதீர்கள். நிக்கொட்டின் நீரில் கரையும், ஆவியோடும் போகும். அந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்கக் கூடாது.

தெளிப்பதே வழி என்றால் கணக்கிட்ட நீரை மட்டும், மெல்லிய புகாராக விழும் தெளிப்பானில், பரவிய இலையின் மேல் மூன்று தடவையாக, ஒவ்வொரு தடவைக்கும் இடையில் சில மணி நேரம் விட்டுத் தெளியுங்கள். கொதித்தாறிய நீராக இருக்கட்டும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் இலையில் வெள்ளைக் கறை விடும், பல இடங்களில் உவரும் சேர்ந்திருக்கும். வடித்தெடுத்த மழைநீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் அதைவிட நல்ல நீர் இல்லை.

கொதித்தாறிய நீர் என்று அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. புகையிலையில் இயல்பாகவே நைத்திரேற்று நிறைய இருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அதில் வளரும் பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும். நைத்திரைற்று இலையின் நிக்கொட்டினோடும் அதன் உறவுப் பொருட்களோடும் சேர்ந்து நைத்திரோசமைன்களை உண்டாக்கும். புகையற்ற புகையிலையில் புற்றுநோயை உண்டாக்கும் முக்கியமான பொருட்கள் இவைதான். சொதசொதவென்று நனைத்துச் சூடான இடத்தில் மூடிவைத்த இலை, முன்பிருந்ததைவிடக் கூடிய கேட்டைத் தருகிறது. அளவுக்கு மேல் நனைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இலையின் அழகுக்காக மட்டுமில்லை.

இதே காரணத்தால் தோடம்பழத் தோல், அப்பிள் துண்டு, உருளைக்கிழங்குச் சீவல், வாழையிலை, ஈர வெற்றிலை என்று எதையும் பேணிக்குள் போட வேண்டாம். அவை ஈரத்தோடு சர்க்கரையையும் பூஞ்சண வித்தையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. தேனும் கருப்பநீரும் பூசுவது அதைவிடப் பிழை.

தூளும் வெளிநாட்டுப் பேணிகளும்

மூக்குத்தூள் காய்ந்தால் கட்டிபடாமல் ஈரமாக்குவது கடினம். அகன்ற தட்டில் மெல்லியதாகப் பரவி உப்புப் பெட்டிக்குள் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். நீர் தெளிக்கவே கூடாது.

சுவீடனிலிருந்தோ நோர்வேயிலிருந்தோ வரும் உறவினர் பையில் சில வேளை சுனுஸ் என்ற, உதட்டுக்கடியில் வைக்கும் ஈரப் புகையிலைத் தூள் பேணி வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சுவீடனைத் தவிர வேறெங்கும் விற்க முடியாத பொருள் அது. எங்கள் நாட்டு இறக்குமதித் தடையையும் மேலே சொன்னேன். அதன் எடையில் ஏறத்தாழ அரைவாசி நீர். அதனால் உப்புப் பெட்டி அதற்குப் போதாது. அங்கே அதைக் குளிரில் வைத்து விற்பதும் அந்த நீர் காரணமாகத்தான். காய்ந்துபோன பேணியில் குறைந்த எடையை மட்டும் கொதித்தாறிய நீரால் துளித்துளியாக ஈடுசெய்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு வைத்தால் ஈரம் பரவும். அந்தக் குளிர்சாதனப் பெட்டியில் பிள்ளைகளின் கை எட்டுமென்றால் இந்த வேலையே வேண்டாம். திகதி முடிந்த பேணியை எறிந்துவிடுங்கள்.

நான்காம்படி: ஆறவிட்டுச் சேமித்தல்

பெட்டியிலிருந்து எடுத்த இலையின் வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிட ஈரமாக இருக்கும். சுத்தமான துணியில் சுற்றி, மூடிய பேணிக்குள் ஒரு நாள் வைத்தால் ஈரம் கட்டு முழுவதும் சமமாகும். பிறகு திரும்பவும் காம்பை முறித்துப் பாருங்கள். வளைந்தால் நிழலில் ஒரு மணி நேரம் விரித்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

சேமிக்கக் கண்ணாடிப் போத்தல், இறுக்கமான மூடியுள்ள தகரப்பேணி, மெழுகிட்ட சாடி நல்லவை. கொட்டைப்பெட்டியும் பனையோலைக் குட்டானும் அன்றாடம் கிள்ளி எடுக்கும் அளவுக்குச் சரி. ஓலை காற்றை விடும், அதில் வைத்தது ஒரு கிழமையில் திரும்பவும் காயும். பெரிய கட்டை ஒரே பேணியில் வைத்து நாளுக்குப் பத்துத் தடவை திறப்பதைவிட, சிறு பேணிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் திறப்பது நல்லது. பேணியின் மேல் திகதியும் எடையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த சோளகத்தில் அந்த எடையே உங்களுக்கு வழி காட்டும். நிலத்திலிருந்து உயரமான, நிழலான, பூட்டக்கூடிய இடம் வேண்டும்.

மூடிய முதல் கிழமையில் இரண்டு தடவை திறந்து முகருங்கள். கட்டுக்குள் கையை விட்டால் இளஞ்சூடு தெரிந்தால், அல்லது அமோனியா நெடி மூக்கில் ஏறினால், உள்ளே ஈரம் கூடிப் புளிக்கத் தொடங்கிவிட்டது. உடனே அவிழ்த்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் பாயில் பரவுங்கள். வெயிலில் போட்டால் மேல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் அடைபடும். அன்றைக்குள் நெடி போய் இலை ஆறினால் தப்பித்தது. பூஞ்சணம் கண்டால் முதற்படியில் சொன்னதுதான்.

மிஞ்சியதும் பழுதானதும்

ஒதுக்கிய இலையை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். நிக்கொட்டின் அவற்றுக்கும் நஞ்சு. கிணற்றடியில் கொட்டாதீர்கள். எரித்தால் அந்தப் புகையை வீட்டார் சுவாசிக்க நேரும். கிணற்றுக்கும் தோட்டப் பாத்திக்கும் தொலைவில் குழி வெட்டிப் புதையுங்கள்.

மிளகாய், தக்காளி, கத்தரிப் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. புகையிலையைத் தாக்கும் தேமல் வைரசு உலர்ந்த இலையில் பல ஆண்டுகள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. இலை கிள்ளிய கையோடு மிளகாய்க் கண்டைத் தொட்டால் அந்தக் கண்டுக்கும் அது தொற்றும். இந்த வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றி, கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, உடுப்பையும் மாற்றிக்கொண்ட பிறகு தோட்டத்துக்குள் இறங்குங்கள்.